குவாரிக்கு வெட்டும் பாதையைப் பிறகு மூட முடியுமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். மாத்தளைப் பக்கத்துத் தோட்டம். லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே கைவிட்ட தேயிலை மலை, அதற்கும் மேலே அரச காணி. அங்கே டொலமைட் எடுக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். கல் இறக்க ஒன்றரை மைல் புதுப்பாதை வெட்டுவார்களாம். 10 வருடத்தில் வேலை முடிந்ததும் பாதையை "முன்பு இருந்தபடியே ஆக்கித் தருவோம்" என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். இதை நம்பலாமா, இல்லாவிட்டால் பாதையை ஊருக்கே விடச் சொல்லிக் கேட்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: மலையில் ஒருமுறை வெட்டியதைத் திரும்ப எடுக்க முடியுமா? முடியாதென்றால், ஊர் சம்மதம் சொல்வதற்கு முன் எதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்?

முன்பு இருந்தபடி ஆகாது. யார் சொன்னாலும் ஆகாது. ஆனால் யோசித்து வெட்டிய பாதையை, மழைத்தண்ணீர் பழையபடி சரிவில் பரவி இறங்கும் அளவுக்கு மூடலாம். அது நடக்கிற காரியம், நானே செய்தும் இருக்கிறேன். கண்டபடி வெட்டிய பாதையை எவ்வளவு காசைக் கொட்டினாலும் அந்த அளவுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் மூடுகிற பேச்சை, ட்ரேஸ் எடுக்க, அதாவது பாதைக் கோட்டை மலையில் குறிக்க, ஆள் வருகிற அன்றைக்கே பேசிவிட வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. 27 வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன். பாதிக் காலம் கிராமத்துப் பாதைகள், மீதிக் காலம் தோட்டப் பாதைகளும் சில குவாரிப் பாதைகளும். புவிச்சரிதவியல் படித்தவனும் அல்ல, சட்டத்தரணியும் அல்ல. உங்கள் மலையில் கால் வைத்ததும் இல்லை. பார்க்காத சரிவு நிற்குமா விழுமா என்று எழுதித் தருகிற எவரையும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 100 அடி கிடையாகப் போனால் 60 அடி ஏறுகிற சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து மலைகளில் அது அதிசயம் இல்லை. அதில் 12 அடிப் பாதை ஒன்றை முழுவதும் வெட்டிய கெட்டித் தரையிலேயே அமைத்து, மேல் வெட்டை 45 பாகையில் சாய்த்தால், வெட்டு 18 அடி உயரம் வரும். 12 அடிப் பாதைக்காக 30 அடி அகலத்துக்கு மலை கிழிபடும். 100 அடி நீளத்துக்கு 108 கியூப் மண் (ஒரு கியூப் 100 கன அடி). வெட்டிய மண் பொங்கும், ஆகவே 130 கியூபுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 கியூப் டிப்பரில் ஏறத்தாழ 45 லோட். அதே பாதை 100க்கு 30 ஏறுகிற சரிவில் போனால் வெட்டு 5 அடி சொச்சம்தான், மண் 31 கியூப். சரிவு பாதியாகும்போது மண் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பாதை எந்த வழியாகப் போகிறது என்பதில் இவ்வளவு அடங்கியிருக்கிறது. ஆனால் ஊர்க் கூட்டங்களில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வேலைக்கு எத்தனை பேரை எடுப்பீர்கள் என்று கேட்பதோடு கூட்டம் முடிந்துவிடும்.

அந்த 60 வீதச் சரிவிலேயே ஒன்றரை மைலும் போனால் கிழிபடுகிற நிலம் ஐந்தரை ஏக்கர், அதாவது 2 ஹெக்டயருக்கு மேல். வெளியேறும் மண் 3,500 லோட். இந்த மண் எங்கே போகும்? குவாரிப் பாதைகளில் அது எங்கும் போவதில்லை. பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) வாளியால் விளிம்புக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். தேயிலைத் தூருக்கும் மானா புல்லுக்கும் மேல் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். பார்த்தால் பாதை இன்னும் அகலமாகத் தெரியும், டிப்பர் சாரதிக்குச் சந்தோஷம். உள்ளே புல்லும் வேரும் மக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கும். பிறகு ஒரு ராத்திரி முழுவதும் பெய்கிற மழையில் இறங்கும். 60 வீதத்துக்கு மேற்பட்ட சரிவில் தள்ளிவிட்ட உதிரி மண் நிற்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெட்டிய மண்ணைக் கொட்டுகிற இடம் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், அங்கே ஏற்றிக்கொண்டு போகிற செலவு மதிப்பீட்டில் இருக்க வேண்டும். செலவுக் கணக்கில் அந்த வரி இல்லையென்றால் மண் உங்கள் லயத்துப் பக்கம்தான் வரப்போகிறது.

ஏற்றத்தையும் பாருங்கள். 100 அடி உயரம் ஏற, 10 வீத ஏற்றத்தில் 1,000 அடிப் பாதை வேண்டும். 15 வீதத்தில் 670 அடி போதும். ஒப்பந்தக்காரர் எதை விரும்புவார் என்று சொல்லத் தேவையில்லை. என் கை பழகியது 8 முதல் 10 வீதம். வழியில்லாத இடத்தில் சிறு துண்டுக்கு 12. கல் ஏற்றிய டிப்பர் இறங்கி வருகிற பாதை என்பதை மறக்கக் கூடாது.

இங்கே தோட்டத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விடயம் உதவும். தேயிலை மலையில் கான் (மழைத்தண்ணீர் வடிகால்) வெட்டும்போது 120 அடிக்கு 1 அடி சரிவு வைத்து, ரோட் ட்ரேசர் என்ற சாய்வு பார்க்கும் கருவியால் பார்த்துத்தான் வெட்டுவார்கள். அதற்கு மேல் சாய்ந்தால் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகும் என்பது கங்காணிமாருக்குக் கைப்பாடம். 10 வீத ஏற்றமுள்ள பாதை, அந்தக் கானைவிட 12 மடங்கு சாய்ந்த இன்னொரு கான். மலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீரையெல்லாம் அது குறுக்கே மறித்து ஒன்றாகச் சேர்த்து, ஒரே இடத்தில் கொண்டுபோய் ஊற்றும். பாதையால் வருகிற கெடுதலில் பெரும்பங்கு இதுதான். இளகிய மண்ணில், 10 வீத ஏற்றத்தில், 115 அடிக்கு ஒரு தடவையாவது தண்ணீரை வெளியே விட வேண்டும். பாதைக்கு அடியால் தண்ணீரைக் கடத்தும் மதகுக் குழாய் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 24 நல்லது. சருகும் மண்ணும் வந்து அடைப்பதால் அளவைத் தண்ணீர்க் கணக்குக்கு மட்டும் போட்டால் போதாது. தண்ணீர் விழுகிற இடத்தில் பாறை இருக்க வேண்டும், அல்லது கல் அடுக்கிக் கொடுக்க வேண்டும். பாதையை வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்துவிட்டால் மலைப்பக்க ஓரத்து உள்கானே வேண்டாம் என்று சில கைநூல்கள் சொல்லும். லேசான வாகனத்துக்கு அது சரி. நனைந்த செம்மண்ணில் கல் டிப்பர் வெளிப்பக்கம் வழுக்கும், அந்தப் பக்கம் பள்ளம். ஆகவே ஓடுகிற காலத்தில் உள்கானும் மதகும், மூடுகிற காலத்தில் வெளிச்சாய்வு என்பது என் வழக்கம். மற்றப் பொறியியலாளர்கள் இதில் வேறு மாதிரிச் சொல்லலாம்.

புதுப்பாதை வேண்டுமா என்பதையே முதலில் கேளுங்கள். கைவிட்ட மலையில் பெரும்பாலும் பழைய வண்டிப்பாதை ஒன்று புல்லுக்குள் படுத்திருக்கும். கோப்பிக் காலத்திலிருந்து மாட்டுவண்டிக்குப் போட்ட பாதைகள் நிதானமாக வளைந்து ஏறும், மாடு மூச்சு வாங்கக்கூடிய அளவுக்கு. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசன் போட்ட கடுகண்ணாவைப் பாதை கிட்டத்தட்ட 200 வருடமாக வண்டி தாங்குகிறது. 100 வருடம் மழையில் நின்று தன்னைக் காட்டிவிட்ட பழைய பாதை, எந்த அறிக்கையையும்விட எனக்குப் பெரிய சாட்சி. கொஞ்சம் சுற்றாக இருந்தாலும் அதை அகலப்படுத்திப் பாவிப்பதுதான் என் முதல் தெரிவாக இருக்கும்.

காணி யாருடையது என்பதில் பலருக்குக் குழப்பம். "கம்பனிக் காணி" என்று சொல்கிறோமே, பெருந்தோட்டங்களில் அது குத்தகை மட்டும்தான். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் அரசுக்கு வந்த நிலம், 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு நிர்வாகத்துக்காகப் போனது. சொந்தம் இன்றும் அரசுக்கே. உங்கள் பாதை கீழே குத்தகைத் தேயிலை நிலம், நடுவில் அரச காணி, மேலே ஒருவேளை ஒதுக்குக் காடு என்று மூன்று கைகளுக்குள்ளால் போகலாம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் கொடுப்பது கனிமம் எடுக்கிற அனுமதி. வழியிலுள்ள ஒவ்வொரு காணிக்கும் பொறுப்பானவரின் சம்மதம் தனியாக வேண்டும். 1993 ஜூன் வர்த்தமானியின்படி, 1 ஹெக்டயருக்கு மேல் காட்டை வேறு பாவனைக்கு மாற்றுவதும், குடியிருப்புக்கு 1 கிலோமீற்றருக்குள் இயந்திரம் வைத்துக் கல் எடுப்பதும் சுற்றாடல் மதிப்பீட்டுக்குள் வருகிற வேலைகள். உங்கள் லயம் அந்தத் தூரத்துக்குள் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். விண்ணப்பங்களில் குவாரிக் குழியின் பரப்பை மட்டும் காட்டிவிட்டுப் பாதையின் பரப்பை விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மேலே போட்ட ஐந்தரை ஏக்கர் கணக்கு அப்போது உங்களுக்கு உதவும்.

மண்சரிவுக்கு வருகிறேன். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டு மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வரைபடங்கள் தயாரித்து வைத்திருக்கிறது, மாத்தளையும் அதில் உண்டு. பாதையின் கோட்டை அந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்காமல் ஓர் அடிகூட வெட்ட விடக்கூடாது. குறிப்பாகத் தேட வேண்டியது பழைய மண்சரிவு வந்து தங்கிய மண். மேலே பிறை வடிவ மேடு, கீழே குண்டும் குழியுமான தரை, பெரிய கற்கள் மண்ணுக்குள் கலந்து கிடப்பது, வளைந்து நிற்கிற மரம், கோடையிலும் ஈரமான திட்டுகள் என்று அடையாளங்கள் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தின் அடிவாரத்தை வெட்டுவது, அடுக்கிய மூட்டையில் கீழ் மூட்டையை உருவுவது போல. கூட்டங்களில் சிலர் 2014 ஒக்டோபர் 29 பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்ட மண்சரிவை எடுத்துக் காட்டுவார்கள். அது பாதையால் வந்த சரிவு என்று சொல்லாதீர்கள். பழைய சரிவு மண்ணின் மேல் குடியிருப்பு இருந்தது, தொடர்மழை பெய்தது, முன்பே எச்சரிக்கையும் கொடுக்கப்பட்டிருந்தது. தவறான உதாரணம் சொன்னால் சரியான கேள்வியையும் தட்டிவிடுவார்கள்.

இனி மூடுவது. முதல் வேலை முதல் நாளே தொடங்க வேண்டும்: மேல் மண்ணில் 6 முதல் 8 அங்குலத்தைத் தனியாகச் சுரண்டி, 6 அடிக்கு மேல் உயராத குவியலாக வைத்து, மேலே புல் விதைத்துக் காப்பாற்ற வேண்டும். இது கீழ்மண்ணோடு கலந்துவிட்டால் 10 வருடத்துக்குப் பிறகு எந்தப் புல்லும் பிடிக்காது. மூடுகிற காலம் வரும்போது, எக்ஸ்கவேட்டர் மேல் முனையிலிருந்து பின்வாங்கிக்கொண்டே கீழே வர வேண்டும். டிப்பர் அமுக்கிய தரையை முதலில் 18 முதல் 24 அங்குல ஆழத்துக்குக் கிளற வேண்டும். மண் கையில் உதிர்கிற பதத்தில்தான் இது பலிக்கும். ஈரத்தில் கிளறினால் களி கீறுபட்டு அப்படியே இறுகிவிடும். பிறகு வெளி விளிம்பில் நிற்கிற மண்ணை எட்டி எடுத்து உள்வெட்டில் வைத்து அமர்த்த வேண்டும். மதகுகள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பராமரிக்க ஆளில்லாத மதகு அடைபடும், அடைபட்டால் தண்ணீர் பாதையை வெட்டிக்கொண்டு போகும். ஓடை கடந்த இடத்தில் போட்ட மண் முழுவதையும் எடுத்து, ஓடையின் பழைய அகலத்தைத் திறக்க வேண்டும். மண்ணை முழுதாக ஏற்றி மூடாத பகுதிகளில் குறுக்கு வரப்புகள்: 10 வீத ஏற்றம் வரை 100 அடிக்கு ஒன்று, 15 வீதத்தில் 65 அடிக்கு ஒன்று. இவ்வளவும் மாத்தளைப் பக்கத்தில் ஒக்டோபர் மழைக்கு முன் முடிய வேண்டும். செப்டம்பர் கடைசியில் தொடங்குகிறோம் என்றால் அடுத்த வருடம் தொடங்குங்கள் என்று சொல்லுங்கள்.

நடுவதற்கு வெளியில் ஆலோசனை தேட வேண்டியதில்லை. தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுநடுகைக்கு முன் 18 முதல் 24 மாதம் கௌதமாலா புல்லோ மானா புல்லோ போட்டு மண்ணைத் தேற்றுவது தோட்டங்களில் பழகிய முறை, தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்லிக் கொடுத்ததுதான். குறுக்கு வரப்புகளில் வெட்டிவேர் வரிசை, இடையில் இந்தப் புல், இரண்டு வருடம் கழித்து அந்த மலையிலேயே இயல்பாக முளைக்கிற மரக்கன்றுகள். சீக்கிரம் பச்சை தெரிய வேண்டும் என்று பைனஸ் நடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

நான் தவறிய ஒன்றையும் சொல்ல வேண்டும். ஊவாப் பக்கத்தில் ஒரு பாதையை மூடினோம். புத்தகத்தில் உள்ளபடி எல்லாம் செய்தோம், மண்ணை அழகாக ஏற்றி மலையின் வடிவத்தையே கொண்டுவந்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை. வெட்டின் ஓரிடத்தில் சின்னக் கசிவு இருந்தது. ஓகஸ்ட் மாதம், காய்ந்துபோய்க் கறை மட்டும் தெரிந்தது. அதன் மேலேயே மண்ணை வைத்து மூடினேன். நவம்பரில் அந்த 60 அடித் துண்டு மட்டும் கஞ்சி போல் இறங்கிக் கீழே ஒருவரின் கத்தரித் தோட்டத்தை மூடியது. ஆளுக்குச் சேதம் இல்லை, நல்ல காலம். மலைக்குள் ஓடுகிற தண்ணீரைப் பாதை வெட்டு அறுத்துவிடுகிறது; அந்த ஊற்றுக் கண்ணைக் கல்லடுக்கால் வடிய விடாமல் மூடினால் மூடிய மண்ணே மண்சரிவாகிவிடும். அதற்குப் பிறகு நான் மழைக்காலத்தில் ஒரு தடவை நடக்காமல் எந்தப் பாதையையும் மூடியதில்லை.

இதுவரை எழுதியதில் தண்ணீர், மண் தள்ளுவது, மதகு கழற்றுவது பற்றியவை உறுதியானவை. மூடிய சரிவு எப்போது பழைய பலத்துக்கு வரும் என்பது அப்படியில்லை. வேர் பிடிக்கும் வரை அது அள்ளிப்போட்ட மண்தான். முதல் இரண்டு மூன்று மழைக்காலம் கவனமாகப் பார்க்க வேண்டும். கல்லில் வெட்டிய பகுதி வடுவாகவே நிற்கும். 10 வருடம் அசையாமல் நின்று, செடி பிடித்துவிட்ட வெட்டு இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே நல்லதாக இருக்கலாம். அந்த முடிவை அப்போது ஒரு புவியியலாளர் நேரில் பார்த்து எடுக்கட்டும்.

பாதையை ஊருக்கு விடச் சொல்வது பற்றி. ஆசை எனக்குப் புரிகிறது. பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய லயங்களில் நானும் வேலை செய்திருக்கிறேன். ஆனால் இந்தப் பாதை குவாரிக்குப் போகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. லயம் வரையான கீழ்ப்பகுதி உங்களுக்குப் பிரயோசனம் என்றால் அதை மட்டும் கேளுங்கள். அதற்கு மேலுள்ளது திறந்து கிடந்தால் மரம் தறிக்கவும் கள்ளத்தனமாகக் கல் எடுக்கவும் மட்டுமே ஆள் வரும். கேட்கிற பகுதியையும் பிரதேச சபை தன் பாதையாக எழுத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். தோட்டப் பகுதிகளுக்குச் செலவிடப் பிரதேச சபைகளுக்கு இருந்த சட்டத் தடை 2018 திருத்தத்தில் நீங்கியது. ஆகவே "தோட்டம் என்றால் எங்களால் முடியாது" என்ற பழைய பதிலை இப்போது ஏற்க வேண்டியதில்லை. ஏற்க ஆளில்லாத பாதையைத் திறந்து வைப்பதைவிட மூடுவதே மேல்.

கையில் என்ன கடதாசி வேண்டும்? பாதைக் கோடும் நீள வெட்டுமுகமும் (பாதையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் படம்), மண் கொட்டும் இடம், மதகுகளின் பட்டியல், மூடும் திட்டம், அதற்கான செலவுக் கணக்கு. மீள்சீரமைப்புக்குப் பிணைப்பணம் வைப்பது வழக்கம். அந்தத் தொகை குழியை மட்டும் கணக்கிட்டதா, பாதையையும் சேர்த்ததா என்று கேளுங்கள். கொடுக்க மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடலாம்; 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பாதையைப் பகுதி பகுதியாக மூடவும், ஒவ்வொரு பகுதியும் இரண்டு மழைக்காலம் தாண்டிய பிறகே அதற்குரிய பிணையை விடவும் நிபந்தனை கேளுங்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கேட்பதில் நட்டமில்லை.

அதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. லயத்துப் பீலிக்குத் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்று வயதானவர்களிடம் கேளுங்கள். நவம்பரில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்ததும், அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு, அவர்கள் கோடு கீறியிருக்கிற உயரத்தில் மலையைக் குறுக்காக நடந்து பாருங்கள். தண்ணீர் கசிகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு குச்சி நட்டுப் படம் எடுங்கள், தொலைபேசியில் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களை இங்கே போட்டால் பாதைக் கோட்டை எந்த இடத்தில் மேலேயோ கீழேயோ தள்ளச் சொல்லலாம் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.